கெண்டையின் தலை

என் அப்பா வக்கீல் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, கையில் கேஸ் கட்டு என்று காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு நாள் தவறாமல் போய் வந்த மனிதர். மண்புழுவைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்பார். அப்படிப்பட்டவர் ஒரு கோடை விடுமுறையில் திடீரென்று மூங்கில் கோலும் தூண்டில் முள்ளும் வாங்கிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை பூங்கா ஏரியில் மீன் பிடிக்கப் போவதாக அறிவித்தார். வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. விளங்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. மீன் வரும் என்றால் போதும்.

ஊருக்கு நடுவே முனிசிபாலிட்டி பூங்கா ஒன்று இருந்தது. சிமெண்டு பெஞ்சுகள், சாயங்காலம் செய்தி சொல்லும் ரேடியோ ரூம், அதன் மேல் ஒலிபெருக்கி, இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு நீர்நிலை. ஊர்க்காரர்கள் அதை ஏரி என்றார்கள். உண்மையில் பெரிய குளம்தான். மூன்று பக்கமும் கல் படி, நான்காவது பக்கம் சேறும் தாமரையும். ஒரு வருஷம் மீன் துறை லாரி வந்து, பெரிய பீப்பாய்களில் கொண்டுவந்திருந்த கெண்டைக் குஞ்சுகளை அதில் கொட்டிவிட்டுப் போனது. நாட்டுக் கெண்டை மாதிரி இல்லை, வயிறு பெருத்து, செதில் ஒவ்வொன்றும் நாலணாக் காசு அகலத்துக்கு இருக்கும். நாங்கள் சீமைக் கெண்டை என்றோம். ஆடி மாதம் ஏரியை ஏலம் விட்டு வலை போடுவார்கள். அதற்கு முன்னால் கோடையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டிக்கட் வாங்கிக்கொண்டு தூண்டில் போடலாம். ஒரு டிக்கட்டுக்கு ஒரு தூண்டில். டிக்கட்டில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். அப்பா அந்த வருஷம் ஏலத்துக்கு முன்னால் இருந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்தே டிக்கட் வாங்கிவிட்டார்.

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான என் அத்தை. அத்தைக்குப் பதினெட்டு வயதிலேயே தாலி போய்விட்டது. தாயில்லாத தம்பியை அவர்தான் வளர்த்துப் படிக்க வைத்தார். எனவே வீட்டில் உப்பு வாங்குவதிலிருந்து எனக்கு ஜடை பின்னுவது வரை எல்லாம் அத்தை சொல்கிறபடிதான். கெட்டவர் இல்லை. என்னை மடியில் போட்டுக்கொண்டு தூங்க வைத்தவர். ஆனால் தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை அந்த நாலு பேரும் யோசிப்பதற்கு முன்பே யோசித்து வைத்திருப்பார்.

அம்மா தாமல்காரி. தாமலில் ஏரி என்றால் அது ஏரி. அக்கரை தெரியாது. அம்மா பிறந்த வீடு கரையை ஒட்டி இருந்தது. வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் அங்கே போவது நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. சின்ன மாமாவின் கல்யாணத்தில் அத்தைக்குச் சரியான மரியாதை செய்யவில்லையாம். யாரோ தாம்பூலத்தைக் கையில் கொடுக்காமல் பாய் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். அத்தை அன்று சாப்பிடாமல் எழுந்து வந்தார். அதற்குப் பிறகு அம்மா ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை, யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை. பத்து மைல் தூரம். பஸ் எங்கள் தெரு முனையிலேயே நிற்கும்.

வைகாசிக் கருட சேவை முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. அப்பா விடிவதற்குள் கிளம்பிவிட்டார். தூண்டில் கயிற்றுக்குப் பக்கத்து வீட்டு நெசவுக்காரரிடம் கேட்டு, தறியிலிருந்து புடவை அறுத்த பின் மிஞ்சும் பட்டு இழைகளை வாங்கி வைத்திருந்தார். முந்தின நாளே அதை எட்டுப் புரியாகச் சேர்த்து முறுக்கிக் கொடுத்தது அம்மாதான். இரைக்காக அப்பா தவிட்டையும் புண்ணாக்கையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு டப்பாவில் வைத்திருந்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில் அம்மா அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். கொஞ்சம் பழைய சோறும் ஒரு துண்டு வெல்லமும் சேர்த்து மறுபடி பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "போய்ப் பல்லு வெளக்கு" என்றார்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். பன்னிரண்டரைக்குப் பூங்காவில் சுண்டல் விற்பவர் வந்து வாசலில் நின்றார். "குமாஸ்தா ஐயா சொல்லச் சொன்னாரு. மீன் கடிச்சிக்கினே இருக்குதாம். எழுந்து வர முடியாதாம். சோறு அனுப்பச் சொன்னாரு."

அன்று அப்பா சொன்ன முதல் பொய் அதுதான். நாங்கள் போய்ப் பார்த்தபோது ஒரு மீனும் கடித்திருக்கவில்லை.

அத்தைக்கு ஒரே பெருமை. கேரியரில் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம் எல்லாம் அவரே அடைத்துக் கொடுத்தார். அவருக்கு முட்டிவலி, அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கேரியரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாப்பா தூக்காது இது. நீயே போய்ட்டு வந்துடு. அதையும் இட்டுக்கினு போ. ஆறிடப் போவுது சோறு" என்று அம்மாவிடம் சொன்னார்.

"சரிங்க அண்ணி" என்றார் அம்மா.

வெயிலில் தெரு வெள்ளையாகக் கிடந்தது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஞாயிறு என்றாலும் முகூர்த்த மாசத்தில் தறி நிற்காது. சாயப் பட்டறைக்குப் பக்கத்து வாய்க்காலில் அன்றைக்குத் தண்ணீர் மாம்பழ நிறத்தில் ஓடியது. அம்மா சாதாரணமாக மெதுவாக நடப்பவர். அன்றைக்கு நான் ஓடித்தான் அவருக்கு ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. சோறு ஆறிவிடும் என்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாயப் பட்டறை ஆட்கள் மூன்று பேர் கைகள் முழங்கை வரை சிவப்பாக, ஒரு ரிடையர்டு தாசில்தார் மடக்கு நாற்காலியோடு, மற்றவர்கள் எனக்குத் தெரியாதவர்கள். எல்லோரையும் விட்டுத் தள்ளி, தெற்கு மூலையில், பூவரச மரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு எங்கள் அப்பா. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். கோலைப் பேனா பிடிப்பது மாதிரி மூன்று விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் தக்கை ஒரு இடத்தில் அசையாமல் கிடந்தது.

"எத்தனை மீன்பா?" என்றேன்.

"இனிமேதான்" என்றார்.

அம்மா சோற்றைப் பரிமாறினார். அப்பா சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவும் வரை அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தாமரை இலைகளுக்கு ஓரமாக ஒரு இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி வந்து உடைந்தது. நின்றது. இரண்டு முழம் தள்ளி மறுபடி வந்தது.

"ஏங்க" என்றார் அம்மா. "தக்கை அங்க கெடந்தா ஒண்ணும் ஆவாது. மீனு இங்க சேத்தைக் கெளறிக்கினு இருக்குது."

"எங்க?"

"அதோ. குமிழி வருது பாருங்க. அடியில மேயுது. நீங்க இரையை நடுத்தண்ணியில தொங்க விட்டுக்கினு இருக்குறீங்க."

அப்பா கோலை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "எனக்கு இதெல்லாம் தெரியல. நீயே போடு."

அம்மா சுற்றிலும் பார்த்தார். "நாலு பேரு இருக்குறாங்க."

"அவங்க அவங்க தக்கையைப் பார்த்துக்கினு இருக்குறாங்க. உன்னை யாரு பார்க்குறது?"

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பா எழுந்த கல்லில் உட்கார்ந்தார். தக்கையைக் கயிற்றில் ஒரு முழம் மேலே நகர்த்தினார். இரையைச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி முள் தெரியாமல் பொதிந்தார். கோலை வீசவில்லை. பக்கவாட்டில் மெல்ல ஆட்டினார். இரை தாமரை இலை ஓரத்தில் சத்தமே இல்லாமல் போய் இறங்கியது.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ரொம்ப நேரம். தட்டாம்பூச்சி ஒன்று கோலின் நுனியில் உட்கார்ந்தது, பறந்தது, திரும்பி வந்து உட்கார்ந்தது. எனக்கு அலுத்துவிட்டது. கல்லைப் பொறுக்கித் தண்ணீரில் எறியப் போனேன். "வேணாம் பாப்பா" என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தக்கையைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். அம்மாவை நான் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே அபூர்வம். உட்கார்ந்தாலும் கையில் முறமோ அரிவாள்மணையோ இருக்கும். யாராவது கூப்பிட்டால் எழுந்துகொள்ளத் தயாராக உட்கார்ந்திருப்பார். இங்கே எழுந்திருக்கவே போவதில்லை என்பது மாதிரி குந்தியிருந்தார். அவர் வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. என்ன பாட்டு என்று கேட்டேன். "பேசாத" என்றார். கோபமாக இல்லை, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் சொல்வது மாதிரி சொன்னார்.

தக்கை ஆடியது. "அம்மா" என்று கத்தினேன். அம்மா அசையவில்லை. தக்கை மறுபடி லேசாக ஆடி நின்றது. எனக்கு உயிர் போய்விடும் போலிருந்தது. தக்கை சாய்ந்து, தண்ணீர் மேலேயே கொஞ்ச தூரம் ஊர்ந்து, பிறகு ஒரே முழுக்காக முழுகியது. அப்போதுதான் அம்மா மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார்.

கோல் வில்லாக வளைந்தது. தாமரை இலைகளின் நடுவே தண்ணீர் வெடித்தது. அம்மா எழுந்துவிட்டார். "தாமரைக்குள்ள போவ விடக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கோலைப் பக்கவாட்டில் சாய்த்தபடி படியை விட்டுச் சேற்றில் இறங்கினார். ஒரு கையால் புடவையைத் தூக்கிச் செருகினார். தண்ணீர் முழங்கால் வரை ஏறியது. மீன் இழுத்த பக்கமெல்லாம் கூடவே நடந்து, அது தளர்ந்தபோது இவர் இழுத்தார். கோல் முறியும் போல் ஆனதும் கயிற்றையே கையில் பிடித்துவிட்டார். பட்டு இழை ஆட்காட்டி விரலில் இறங்கி ரத்தம் வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

அதற்குள் கரையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் தூண்டிலைப் போட்டுவிட்டு வந்து நின்றுவிட்டார்கள். வாட்ச்மேனும் வந்தார். "இன்னாங்க இது, டிக்கட்டு யாரு பேர்ல?" என்றார்.

"என் பேர்லதான்" என்றார் அப்பா. "டிக்கட்டுக்கு ஒரு தூண்டில்னுதான் எழுதியிருக்குது. யாரு புடிக்கணும்னு எழுதல."

வாட்ச்மேன் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரும் தண்ணீரைப் பார்த்து, "விடாதம்மா, விடாத. கயித்தைத் தளர்த்தி இழு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மீன் கரைக்குப் பக்கத்தில் வந்து புரண்டது. வெயிலில் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்பா தோளிலிருந்த துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு அதை அள்ளுவதற்காக இறங்கினார். இரண்டாவது அடியில் சேறு வழுக்கி, வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகத் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். ஆனால் துண்டை விடவில்லை. மீன் துண்டுக்குள் இருந்தது.

அம்மா சிரித்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தார். சிவப்புக் கைக்காரர்கள் சிரித்தார்கள், தாசில்தார் சிரித்தார், தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்க மறந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அவ்வளவு பெரிய சத்தத்தில் சிரிப்பு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என் கையை நீட்டினால் தோளிலிருந்து விரல் நுனி வரை இருந்தது அந்தக் கெண்டை. அப்பா அதன் செவுளில் தாமரைத் தண்டைக் கோர்த்து எடுத்துக்கொண்டார். வரும்போது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நடந்தோம். எனக்குக் கால் தரையில் படவில்லை. தெரு முனைக்கு வந்ததும் அப்பா நின்றார். "பாப்பா, நீ முன்னால போய் அத்தையைக் கதவைத் திறக்கச் சொல்லு" என்றார். கொஞ்ச தூரம் ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் பஸ் நிற்கும் இடத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா செருகியிருந்த புடவையை இறக்கி, ஈரத்தைப் பிழிந்து, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் அங்கேதான் பேசி முடித்திருக்க வேண்டும். எனக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்பா மீனைத் தூக்கிக் காட்டினார். அம்மா பத்தடி பின்னால், கேரியரோடு, தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"நீயா புடிச்ச?" என்றார் அத்தை.

"பின்ன?" என்றார் அப்பா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நேராகச் சமையல் கட்டுக்குப் போய்விட்டார்.

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் கம்பளிப் பூச்சியைக் கண்டு அழுத பையன், ஆட்டுக்குட்டி கத்தினால் போர்வைக்குள் ஒளிந்துகொண்ட பையன், என்று அவர் அப்பாவைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மளிகைக் கடையில் நிறுக்கச் சொன்னார். மூன்றரைக் கிலோ. நெசவுக்காரர் வீட்டுக்கு நான்கு துண்டு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். "என் தம்பி புடிச்சது. உங்க வூட்டுப் பட்டு நூல்லதான்" என்று அவர் சொல்வது எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

குழம்பு கொதித்தது. அம்மா புளியைக் கெட்டியாகக் கரைத்து, மாங்காய் போட்டு, தாமலில் வைக்கிற மாதிரி வைத்திருந்தார். விளக்கு வைத்ததும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பாவும் நானும் இலை முன்னால். அம்மா பக்கத்தில் நின்றார். அத்தை அன்றைக்குத் தானே பரிமாறுவேன் என்று சட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அகப்பையை ஆழமாக விட்டு, கெண்டையின் தலையை முழுசாகத் தூக்கினார். மசாலா வடிந்தது. அதைவிடப் பெரிய மீன் தலையை எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

"புடிச்சவனுக்குத்தான் தலை" என்று அப்பாவின் இலைக்கு மேல் கொண்டுபோனார்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "அத்தை, தலை அம்மாவுக்கு. அம்மாதான் புடிச்சாங்க."

அகப்பை அப்படியே நின்றது. "இன்னாடா சொல்லுது இது?" என்றார் அத்தை.

"சின்னப் புள்ள. வெளையாடுது" என்றார் அப்பா.

"அவருதான் புடிச்சாரு அண்ணி" என்றார் அம்மா. "நான் சோறு போட்டுக்கினு நின்னேன்."

அப்பா பொய் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அம்மாவும் சொன்னதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. தனக்குச் சேர வேண்டியதை அம்மா விட்டுக்கொடுக்கிறார். எப்போதும் இப்படித்தான், இந்தத் தடவை நான் விடப்போவதில்லை என்று எனக்கு ஒரு வேகம். கோர்ட்டில் சாட்சிகளை எப்படி மடக்குவார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான்.

"பொய் சொல்றாங்க அத்தை. அம்மா வெரலைப் பாருங்க. கயிறு அறுத்துட்டுது."

அம்மா கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். அத்தை அகப்பையைத் தலையோடு சட்டியின் மேல் வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து வெளியே எடுத்து, மூடியிருந்த விரல்களைப் பிரித்தார். ஆட்காட்டி விரலில் மஞ்சள் அப்பியிருந்தது. மஞ்சளுக்கு நடுவே மெல்லிய சிவப்புக் கோடு. அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணியில எறங்கினியா?"

நான் சொன்னேன். "முட்டி வரைக்கும் எறங்கினாங்க. புடவையைத் தூக்கிச் செருவிக்கினு. எல்லாரும் வந்து பார்த்தாங்க. வாட்ச்மேன்கூட."

சொல்லச் சொல்ல எனக்கு அந்தக் காட்சி மறுபடி கண் முன்னால் வந்து, அழுகை போய்ச் சந்தோஷம் வந்துவிட்டது. அம்மா எப்படி நடந்தார், தக்கை எப்படி முழுகியது, அப்பா எப்படி விழுந்தார், அம்மா எவ்வளவு சத்தமாகச் சிரித்தார், ஒன்று விடாமல் சொன்னேன். யாரும் என்னை நிறுத்தவில்லை.

அத்தை கத்தவில்லை. அம்மாவின் கையை விட்டார். அகப்பையில் இருந்த தலையைச் சட்டிக்குள்ளேயே நழுவ விட்டார். "தெரு பூரா சொல்லிட்டு வந்தேன்" என்றார், அப்பாவைப் பார்க்காமல். பிறகு எல்லோருக்கும் ஒரு துண்டு மீன் வைத்தார். எனக்கு வயிற்றுப் பக்கத்துத் துண்டு, முள் இல்லாதது. சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது நின்று, "அடுத்த வாரத்துலேர்ந்து சோத்தைப் பாப்பாவே எடுத்துக்கினு போவட்டும். கேரியர் ஒண்ணும் அவ்ளோ கனம் இல்ல" என்றார்.

அந்தத் தலையை அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பா போனார். மதியம் கேரியரைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். கனமாகத்தான் இருந்தது, நாலைந்து இடத்தில் கீழே வைத்து எடுத்தேன். அதே தெற்கு மூலையில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் வருவதைப் பார்த்து எழுந்து, எனக்குப் பின்னால் பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மா இன்னா பண்ணிக்கினு இருக்குறாங்க?"

"அரிசி பொடைச்சிக்கினு இருக்குறாங்க."

"உம்" என்றார். சாப்பிட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. வேண்டுமென்றே தள்ளி உட்கார்ந்தேன். தூண்டிலை அவர் ஒழுங்காகக்கூடப் பார்க்கவில்லை. ஏரியைச் சுற்றி நடந்து வந்தார். படியில் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். நாரை ஒன்று ஒற்றைக் காலில் நிற்பதை வெகு நேரம் நின்று பார்த்தார். இப்படி இருந்தால் எப்படி மீன் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா இல்லாமல் இவரால் ஒன்றும் ஆகாது. நான் சொன்னதுதான் உண்மை, இப்போது எல்லோருக்கும் தெரியட்டும்.

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறும். ஏலம் வரும் வரை ஒரு வாரம் தவறாமல் போனார், ஒரு வாரம் தவறாமல் வெறுங்கையோடு வந்தார். தெருவில் சிரித்தார்கள். அத்தை ஒன்றும் சொல்வதில்லை. வெயிலில் கறுத்துப்போகிறான் என்று மட்டும் ஒரு தடவை முணுமுணுத்தார்.

சாயங்காலம் திரும்பி வந்ததும் அப்பா கோலைக் கொல்லையில் சாத்திவிட்டு, சமையல் கட்டின் நிலைப்படியில் சாய்ந்து உட்காருவார். அம்மா அடுப்பில் வேலையாக இருப்பார். திரும்பிப் பார்க்காமலே கேட்பார்.

"தண்ணி எந்தப் படி வரைக்கும் இருக்குது?"

"ஒன்பதாவது படி. போன வாரத்துக்கு அரைப்படி எறங்கியிருக்குது."

"தாமரை?"

"கெழக்கால கொஞ்சம் காஞ்சிடுச்சி. தெக்கால நாலு மொக்கு இருக்குது. காத்து அடிக்கும்போது எல்லா எலையும் ஒரே பக்கம் திரும்புது, வெள்ளையா."

"அலை அடிக்குதா?"

"மத்தியானத்துக்கு மேல அடிச்சுது. சின்னதா. கல்லுல வந்து சத்தம் கேட்டுது."

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அப்பா ஒவ்வொன்றாக, அவசரம் இல்லாமல் சொல்வார். நாரை எங்கே நின்றது, எத்தனை மணிக்குப் பறந்தது, தண்ணீர் கைக்குச் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா என்று எல்லாம் சொல்வார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இவ்வளவு பார்த்து வைத்திருக்கிறவருக்கு ஒரே ஒரு மீன் கிடைக்க மாட்டேன் என்கிறதே என்று அப்பாவை நினைத்தால் எனக்குச் சிரிப்பாக இருந்தது.